கடைசி முப்பது அடி

மெத்தென்று இறக்கினால் பயணிகள் புன்னகையோடு விடைபெறுகிறார்கள். தொப்பென்று இறங்கினால் விமானியைப் பற்றிச் சந்தேகம் வந்துவிடுகிறது. மழையும் காற்றுமான நாளில் அந்தத் 'தொப்' நாங்கள் வேண்டுமென்றே செய்வது. தண்ணீர் தேங்கிய ஓடுபாதையில் தடவினாற்போல் இறக்கினால் டயருக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் தங்கிவிடும். சக்கரம் சரியாகச் சுழலாது, பிரேக் பிடிக்காது. அழுத்தி வைத்தால்தான் நீர் விலகும். உடனே இறக்கைமேல் ஸ்பாய்லர் பலகைகள் எழும்பி, எடையைச் சக்கரங்களுக்கு மாற்றும்.

சென்னையின் பெரிய ஓடுபாதைக்கு எண் 07. ஏறத்தாழ 70 பாகையில், கிழக்கு வடகிழக்காகப் போகிறது. புயல் தென்கிழக்கே கடலில் நிற்கும்போது இங்கே காற்று வடக்கிலிருந்து அடிப்பதுண்டு. நேர் வடக்கிலிருந்து 30 நாட் (மணிக்குக் கடல்மைல்) வேகத்தில் வந்தால் அதில் 28 நாட் குறுக்கே தாக்கும். ஏ320 விமானத்தில் சோதனைப் பறப்பின்போது செய்துகாட்டிய குறுக்குக்காற்று, திடீர் வீச்சையும் சேர்த்து, 38 நாட். ஓடுபாதை வழுக்கினால் எங்களுக்கு அனுமதி அதைவிடக் குறைவு.

காற்று இடப்பக்கம் என்றால் மூக்கையும் இடப்பக்கம் திருப்பிக்கொண்டு, நண்டுபோல் கோணலாகவே ஓடுபாதையை நோக்கி வருவோம். வேகம் மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர். கடைசி முப்பது அடியில் வலது மிதியை மிதித்து, வாலிலுள்ள ரட்டரால் மூக்கை நேராக்க வேண்டும். மிதித்ததும் இடது இறக்கை எழும்பப் பார்க்கும். அதை இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஐலரானால் அடக்கி, காற்றுப்பக்கச் சக்கரத்தை முதலில் வைக்க வேண்டும். முந்தி மிதித்தால் காற்று நடுக்கோட்டைவிட்டுத் தள்ளிவிடும். பிந்தினால் சக்கரங்கள் கோணலாய் உரசும். இதற்குக் கையும் காலும் பழகிவிடும். நிதானமாக வீசும் காற்று எவ்வளவு பலமாக இருந்தாலும் கணக்குக்கு அடங்கும்.

அடங்காதது, நொடிக்கு நொடி மாறும் காற்று. இடிமேகத்தின் அடியிலிருந்து குளிர்காற்று மொத்தமாகக் கீழே கொட்டித் தரையில் நாற்புறமும் சிதறும். அதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று கிடைத்து வேகம் கூடும்; விமானிக்கு எஞ்சின் விசையைக் குறைக்கத் தோன்றும். அடுத்த நொடிகளில் காற்று கீழே அழுத்தும். பிறகு அதுவே பின்காற்றாகி வேகத்தைப் பறித்துவிடும். 1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டாலஸில் டெல்டா 191 இப்படித்தான் விழுந்தது. 137 பேர் இறந்தார்கள். இன்று காக்பிட்டில் ஒலிக்கும் 'விண்ட்ஷியர்' (காற்றின் திடீர் மாற்றம்) எச்சரிக்கைக் கருவி கட்டாயமானதற்கு அந்த விபத்தும் ஒரு காரணம்.

ஆகவே இறங்கும் திறமையில் பெரும்பகுதி, இறங்காமல் விடத் தயாராக இருப்பதுதான் என்பேன். 2020 ஆகஸ்ட் 7 இரவு, மழையில், கோழிக்கோட்டில் நடந்ததை எந்த இந்திய விமானியும் மறக்க முடியாது. முதல் முயற்சியைக் கைவிட்டு மேலேறிய விமானம், மறுமுறை எதிர்முனையிலிருந்து பின்காற்றோடு வந்து, ஓடுபாதையில் பாதித்தூரம் போனபின் தரைதொட்டது; நிற்க இடம் போதவில்லை. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் மாண்டனர். மறுபடியும் மேலேறுவது முதல் முறையைவிட மனத்துக்குக் கடினம். தரையில் விளக்குகள் தெரியத் தொடங்கிவிட்டால் இன்னும் கடினம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில், சென்னையில் தரைவரை வந்து ஆடிய விமானம் ஒன்று சட்டென்று மேலேறிய காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 'மயிரிழையில் தப்பியது' என்று பேசினார்கள். எனக்கு அது சரியான நேரத்தில் எடுத்த சரியான முடிவு.

உங்கள் விமானமும் ஒருநாள் அப்படி மேலேறலாம். மாற்று விமான நிலையம் போவதற்கும், அதற்குமேல் அரைமணி நேரம் சுற்றுவதற்கும் எரிபொருள் புறப்படும்போதே நிரப்பப்பட்டிருக்கும். எங்களிடமிருந்து அறிவிப்பு வரச் சில நிமிடங்கள் ஆகும்; அப்போது இருவர் கைகளும் வேலையில் இருக்கும். அதுவரை பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருங்கள்.