அருள்புரத்துல ஒரு போஸ்ட் ஓட்டம்!

திருப்பூரிலிருந்து பல்லடம் போற பஸ்ஸில் ஏறினால், வீரபாண்டியைத் தாண்டி வரும் அருள்புரம். பனியன் கம்பெனி, நிட்டிங், டையிங், வரிசையா லைன் வீடுகள், முக்குக்கு முக்கு பேக்கரி. 'இங்க சுத்திப் பார்க்க என்னங்க இருக்கு?'னு கேட்டா, ஊர்க்காரங்களே சிரிப்பாங்க. அருவி இல்லை, மலை இல்லை. ஆனா, இந்த ஊரைக் காலைல அஞ்சரை மணிக்கு ஓடிப் பார்க்கணும் பாஸ். அதுவும் வெயிட் மெஷின்ல முள் 90-ஐத் தாண்டின நம்மள மாதிரி ஆளுங்க ஓடிப் பார்க்கணும்!

குண்டா இருக்கிறவங்களுக்கு மூச்சு வாங்குறது பெரிய பிரச்னையே இல்லை. 'யாராவது பார்த்துச் சிரிப்பாங்களோ'ங்கிறதுதான் பிரச்னை. காலேஜ் கிரவுண்டுல ஓடினா கிண்டல் பண்ண ஒரு கேங் ரெடியா இருக்கும். அருள்புரத்துல அந்த பயமே வேண்டாம். நைட் ஷிப்ட் முடிச்சவங்க தூக்கக் கலக்கத்துல வீட்டுக்குப் போயிட்டு இருப்பாங்க. தண்ணி பிடிக்கக் குடங்கள் வரிசைல நிக்கும். ஒடிசா, பீகார்ல இருந்து வந்த தம்பிங்க ரூம் வாசல்ல பல் விளக்கிட்டு இருப்பாங்க. அவங்கவங்களுக்கு அவங்கவங்க வேலை. மிஞ்சிப்போனா பேக்கரி அண்ணன், "ஏனுங் தம்பி, யாரு தொரத்தறாங்க?"ம்பாரு. "சுகருங்ணா"னு சொல்லிட்டு ஓடிட்டே இருக்கலாம்!

ஒரே ஒரு எச்சரிக்கை. பல்லடம் மெயின் ரோடு வேண்டவே வேண்டாம். லாரி, பஸ், கம்பெனி வேன்னு அது வேற உலகம். உள்ளே பிரியும் வீதிகள்தான் நம்ம டிராக். வண்டி வர்றது கண்ணுக்குத் தெரியுற மாதிரி வலது ஓரமா ஓடணும். நாய் குரைச்சா ஓடாதீங்க, நடங்க.

எவ்வளவு தூரம் ஓடணும்? கிலோமீட்டரை மறந்துடுங்க. கரன்ட் போஸ்ட்டை எண்ணுங்க. ஒரு போஸ்ட் ஓட்டம், ரெண்டு போஸ்ட் நடை. இது ஏதோ வீதியில் பிறந்த ஐடியானு நினைக்காதீங்க. அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் 1996-ல் 'கவுச் டு 5கே'னு ஒரு திட்டம் போட்டார். சோபாவில் கிடக்கிறவரை ஒன்பதே வாரத்தில் 5 கி.மீ. ஓட வைக்கும் திட்டம். முதல் வாரம் 60 விநாடி மெதுவோட்டம், 90 விநாடி நடை. இப்படி மாத்தி மாத்தி 20 நிமிஷம். வாரத்துக்கு மூணு நாள் போதும். ஓடும்போது பக்கத்துல இருக்கிறவர்கிட்ட ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியணும். முடியலைன்னா வேகம் ஜாஸ்தி! ஒரு வாரம் கஷ்டமா இருந்தா, அதே வாரத்தை இன்னொரு தடவை ஓடுங்க. அரியர் ஆகாது!

டிரெஸ்ஸுக்கு இந்த பெல்ட்டுல பஞ்சமா? உலகம் முழுக்க உடுத்துற டி-ஷர்ட்டுக்கு இங்கதான் ஓவர்லாக் ஓடுது. நம்ம சைஸ் கடையில் கிடைக்கலையேனு கூச்சப்படுறவங்க, திருப்பூர் காதர்பேட்டைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. வெளிநாட்டு ஆர்டர்ல மிச்சமான டபுள் எக்ஸெல், ட்ரிபிள் எக்ஸெல் எல்லாம் தேடினா சிக்கும். காட்டன் வேண்டாம். வியர்வையைக் குடிச்சுக் கனத்து, தொடையையும் அக்குளையும் உரசிப் புண்ணாக்கிடும். பாலியஸ்டர்தான் சீக்கிரம் காயும். செலவு பண்றதா இருந்தா ஷூவுக்குப் பண்ணுங்க. உடம்பு கனமா இருக்கிறப்போ முழங்காலுக்கு அதுதான் துணை.

நெஞ்சுவலி, பி.பி., சுகர், வீசிங் இருக்கிறவங்க முதல்ல டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. 'நமக்கெல்லாம் ஓட்டமா?'னு தோணுதா? மா.சுப்பிரமணியனை நினைச்சுக்கோங்க. விபத்தில் முழங்காலில் பலத்த அடி, கூடவே சர்க்கரை நோய். ஐம்பதைத் தாண்டிய பிறகு மாரத்தான் பக்கம் வந்தவர், 21.1 கி.மீ. அரை மாரத்தானை நூறு தடவைக்கு மேல் ஓடி முடிச்சிருக்கார். 2023-ல் அவர் சுகாதாரத் துறை அமைச்சரா இருந்தப்போதான், மாவட்டம்தோறும் 8 கி.மீ. நடைபாதைத் திட்டம் தொடங்குச்சு.

ஒரு மாசம் ஓடியும் வெயிட் மெஷின் முள் அசையாமப் போகலாம். சோர்ந்துடாதீங்க. பேக்கரியில் தினம் ரெண்டு பப்ஸ் உள்ளே போனா, எந்த ஓட்டமும் அதை ஈடுகட்டாது. அதனால முள்ளைப் பார்க்காதீங்க, போஸ்ட்டைப் பாருங்க. போன வாரம் மூணாவது போஸ்ட்ல நின்னோம், இந்த வாரம் அஞ்சாவதுல நின்னோம்ங்கிற கணக்கு பொய் சொல்லாது. லீவு போட முடியாத அளவுக்கு ஒரு ஃப்ரெண்டையும் கூட்டுச் சேர்த்துக்கோங்க. கோயம்புத்தூரில் 2013-லிருந்து மாரத்தான் நடக்குது. அதில் 5 கி.மீ. பிரிவும் உண்டு. அதுவரைக்கும் டார்கெட் சிம்பிள்: நாளைக்கு ஒரு போஸ்ட் கூட!