தட்டினால் திறக்கும் சாவி

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, கேட் கீல், சைக்கிள் செயின், மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பி என எதையும் அது விட்டுவைப்பதில்லை. ஆனால், சட்டைப் பையில் கிடக்கும் கார் சாவிக்குள்ளும் அது புகுந்துவிடும் என்பது திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கும் அந்த டாக்ஸி டிரைவருக்குத் தெரியவில்லை.

கார் அவருடைய சொந்தக் கார்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, தவணை இன்னும் முடியவில்லை. வாங்கும்போது ஒரே ஒரு சாவிதான் கிடைத்தது. ரிமோட் பட்டன்கள் உள்ள மடக்குச் சாவி. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில், பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரை டயாலிசிஸுக்காக ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போவார். மற்ற சவாரிகளை நேரம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். இதைத் தள்ள முடியாது.

கோளாறு ஒரே நாளில் வரவில்லை. முதலில் பட்டனை இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. பிறகு காருக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் கதவு திறந்தது. பேட்டரி மாற்றினார், ஒரு வாரம் ஓடியது, மறுபடியும் அதே கதை. கடைசியில் அவராகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். சாவியை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, "புது சாவிதான் சார் போடணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை ஒரு மாதத் தவணையை நெருங்கியது. எஸ்டிமேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள், காலை நாலரை மணி. தட்டியும் திறக்கவில்லை. சாவியின் இரும்பை நீட்டிக் கதவைத் திறந்தார். உடனே அலாரம் அலற ஆரம்பித்தது. தெருவே விழித்துக்கொண்டது. ரிமோட் செத்துவிட்டதால் வண்டியும் ஸ்டார்ட் ஆகாது என்று முடிவு கட்டி, பெரியவருக்கு ஆட்டோ பிடிக்கப் போனைக் கையில் எடுத்தார். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மகள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"நைனா, ஆட்டோல்லாம் வேணாம். சாவியப் போட்டு ஆன் பண்ணு."

"ரிமோட்டே வேலை செய்யல, வண்டி எப்டிம்மா எடுக்கும்?"

"ரிமோட் வேற, உள்ள இருக்குற சிப் வேற. போட்டுப் பாரு நைனா."

போட்டார். அலாரம் நின்றது, வண்டி கிளம்பியது. பெரியவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

மகள் சொன்னதுதான் இந்த விஷயத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம். ஒரு கார் சாவிக்குள் இரண்டு தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் ரிமோட். பட்டனை அழுத்தினால் பேட்டரியின் பலத்தில் ரேடியோ அலையை அனுப்பிக் கதவைத் திறப்பவர். இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களில் இந்த அலை 433.92 மெகாஹெர்ட்ஸ். இன்னொருவர் இம்மொபிலைசர் சிப். இவருக்குப் பேட்டரியே தேவையில்லை. சாவியை நுழைத்துத் திருப்பும்போது, சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் காயிலில் இருந்து மின்சக்தியைக் கடன் வாங்கித் தன் அடையாளத்தைச் சொல்வார். அடையாளம் சரியாக இருந்தால்தான் இன்ஜின் ஓடும். அதனால் பட்டன் வேலை செய்யாவிட்டாலும் வண்டி கிளம்பும். பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களிலும் இப்படி ஒரு வழி உண்டு. பலவற்றில் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்த வேண்டும். சில மாடல்களில் அதற்கென்று தனி இடம் இருக்கும். அது எங்கே என்பதைக் காரோடு வந்த புத்தகத்தில் இன்றே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

அன்று மாலை மகள் சாவியைப் பிரித்தாள். வீட்டில் இன்னொரு சாவி இருந்தால் முதலில் அதை அழுத்திப் பார்த்திருக்கலாம். அது வேலை செய்தால் கோளாறு சாவியில். இரண்டுமே வேலை செய்யாவிட்டால் கோளாறு பெரும்பாலும் காரில். இங்கே இருப்பது ஒரே சாவி என்பதால் நேராகப் பேட்டரிக்குப் போனாள். அதன் மேல் சிஆர் 2032 என்று எழுதியிருந்தது. அந்த எண்ணிலேயே அளவும் இருக்கிறது. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2025 என்றால் கனம் 2.5 மில்லிமீட்டர்தான். இரண்டுமே 3 வோல்ட் என்பதால் சில கடைகளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுவிடுவார்கள். மெலிந்தது உள்ளே ஆடும், விட்டுவிட்டு வேலை செய்யும். இந்தச் சாவியில் இருந்தது சரியான பேட்டரிதான். மீட்டரிலும் 3 வோல்ட் காட்டியது.

பேட்டரியைத் தாங்கும் தகட்டில்தான் விஷயம் இருந்தது. ஓரமெல்லாம் பச்சை படிந்திருந்தது.

"இன்னாம்மா, பாசியா?"

"பாசி இல்ல நைனா, உப்பு. உன் சட்டைப் பையில வேர்வை, வெளிய கடல் காத்து."

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு பேட்டரியின் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு சீக்கிரம் அரித்துப் பச்சையாகிவிடும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் வரிசை கட்டி நிற்கும் புதுக் கார்கள் கப்பல் ஏறிப் போய்விடும். இந்த ஊர்க் கார்கள் வருஷக் கணக்கில் இதே காற்றில்தான் நிற்க வேண்டும்.

பழைய டூத் பிரஷ்ஷை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்டுப் பச்சையைத் துடைத்து எடுத்தாள். தண்ணீர் கூடாது, உப்புத்தாளும் கூடாது. துடைத்த பிறகு அடுத்த கோளாறு கண்ணில் பட்டது. தகட்டை போர்டோடு பிடித்திருக்கும் ஈயப் பற்றில் தலைமுடி போல ஒரு விரிசல். உள்ளங்கையில் தட்டினால் ஏன் திறந்தது என்பதற்கு விடை அதுதான். தட்டினால் உயிர் வருகிறது என்றால், எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தட்டும் அந்த விரிசலை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டிருந்தது. பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, சால்டரிங் அயர்னை ஓரிரு விநாடி வைத்து ஈயத்தைப் புதுப்பித்தாள். அவ்வளவுதான். கை நடுங்குபவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் செல்போன் பழுது பார்க்கும் கடையில் கொடுக்கலாம்.

எல்லாச் சாவிக்கும் இதே கோளாறு இருக்கும் என்று இல்லை. ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யாவிட்டால், அதன் அடியில் இருக்கும் குட்டி சுவிட்ச் தேய்ந்திருக்கும். ரிச்சி தெருவில் அது தனியாகக் கிடைக்கும். குழந்தை கையில் விளையாட்டுப் பொருளாக இருந்த பிறகு சாவி நின்றுபோனால் வேறு காரணம் இருக்கலாம். திருட்டைத் தடுக்க, ஒவ்வொரு அழுத்தலுக்கும் சாவி ஒரு புது எண்ணை அனுப்பும். கார் இல்லாத இடத்தில் நூற்றுக்கணக்கில் அழுத்தினால் காரின் கணக்கும் சாவியின் கணக்கும் பிசகிவிடும். மறுபடி இணைத்தால் போதும், புது சாவி வேண்டியதில்லை. டிவி ரிமோட்டை செல்போன் கேமரா முன் அழுத்திப் பார்க்கும் சோதனை இங்கே பலிக்காது. டிவி ரிமோட்டில் வருவது அகச்சிவப்பு ஒளி, இது ரேடியோ அலை.

சாவியின் மேல் கூடு உடைந்துவிட்டால் புதுக் கூடு மலிவாகவே கிடைக்கிறது. மாற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பல மாடல்களில் அந்த இம்மொபிலைசர் சிப், போர்டில் இல்லாமல் கூட்டின் ஒரு மூலையில் கறுப்புத் துண்டாகவோ சின்னக் கண்ணாடிக் குழாயாகவோ செருகப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் பழைய கூட்டோடு குப்பையில் போட்டால், கதவு திறக்கும், வண்டி ஓடாது.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொரு கவனமும் வேண்டும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள இந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்திலேயே உள்ளே கடுமையாகப் புண்ணாகிவிடும். பழைய பேட்டரியிலும் அந்த அளவு மின்சாரம் மிச்சமிருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பழையதைத் தூக்கிப் போடும் முன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டிவிட வேண்டும்.

சரி செய்த சாவி முதல் அழுத்தலிலேயே திறந்தது. டிரைவருக்கு அந்தச் சந்தோஷத்தை விட ஒரு கேள்வி பெரிதாக இருந்தது. "இதுவும் தொலைஞ்சிட்டா இன்னாம்மா பண்றது?" ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்று செய்வது சுலபம். இருப்பதும் தொலைந்த பிறகு செய்தால் செலவும் அலைச்சலும் கூடும். மிச்சமான பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு, ஆர்சி புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், ரிமோட் இல்லாமல் சிப் மட்டும் உள்ள சாதாரண சாவி ஒன்று செய்து வாங்கிவந்தார். அது ஒரு பிளாஸ்டிக் கவருக்குள், காற்றுப் படாமல், பீரோவில் இருக்கிறது.