நிகழாதவற்றின் கணக்கு

உதைபந்தாட்டத்தைப் பற்றிய எழுத்துக்களுட் பெரும்பாலானவை கோல் போட்டவர்களைப் பற்றியனவாகவே அமைந்துள்ளன. இஃது இயல்பே. கோல் என்பது கண்ணாற் காணத்தக்க நிகழ்ச்சி. அதற்கு நிமிடமுண்டு, பெயருண்டு, எண்ணுமுண்டு. பின்கள வீரரின் தொழிலோ நிகழவிருந்த ஒன்றை நிகழாமற் செய்வதாகும். நிகழாத ஒன்றைப் பதிவேட்டில் எவ்வாறு எழுதுவது? தமிழ்ப் புறத்திணை மரபிலும் இதனையொத்த நிலையொன்று உண்டு. தொல்காப்பியர் மதிலை வளைத்தலையும் அதனைக் காத்தலையும் உழிஞை என்னும் ஒரு திணையுள்ளேயே அடக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையோ காத்தலை நொச்சி எனத் தனித் திணையாக வகுத்தது. காப்போனின் பணி தாக்குவோனின் பணியிலிருந்து பிரித்து நோக்கப்பட வேண்டியது என்ற உணர்வே இவ்வகுப்பின் அடிப்படை எனலாம். சேர்பியப் பின்கள வீரர் நெமாஞ்சா விடிச்சின் ஆட்ட வாழ்வு அவ்வாறு பிரித்து நோக்குதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

விடிச் 1981ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி மேற்குச் சேர்பியாவிலுள்ள உஷித்சே என்னும் நகரிற் பிறந்தார். அக்காலத்தில் அந்நகர் 'டிட்டோவின் உஷித்சே' எனப் பெயர் பெற்றிருந்தது. 1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நாசிப் படைகளை எதிர்த்து நின்ற கெரில்லா வீரர்கள் சில வாரங்கள் விடுதலை பெற்ற பிரதேசமாக அதனை வைத்திருந்தனர். அதன் நினைவாகவே போருக்குப் பின்னர் டிட்டோவின் பெயர் நகரின் பெயரோடு சேர்க்கப்பட்டது. 1992இல் அப்பெயர் நீக்கப்பட்டது. அப்போது விடிச்சுக்குப் பத்து வயது. பிறந்த ஊரின் பெயர் மாறியதைப் போன்றே, அவர் பின்னாளில் அணிந்த தேசிய அணிச் சட்டையின் பெயரும் மாறிக்கொண்டே சென்றது.

அவரை வளர்த்த கழகம் பெல்கிறேட் நகரின் செந்தாரகைக் கழகமாகும். 1991 மே மாதத்தில் இத்தாலியின் பாரி நகரில் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அக்கழகத்தின் அணியிற் சேர்பியர், மொன்ரனீக்ரோவினர், மசிடோனியர் எனப் பல பகுதியினரும் இருந்தனர். மறு ஆண்டே யூகோசிலாவியா சிதறியது. ஐக்கிய நாடுகள் சபையின் தடை காரணமாக 1992ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் அதன் தேசிய அணி பங்குபற்ற முடியவில்லை; அதற்குப் பதிலாக அழைக்கப்பட்ட டென்மார்க் கிண்ணத்தையே வென்றது. பெரிய ஆட்டக்காரர்கள் அந்நிய நாட்டுக் கழகங்களை நாடிச் சென்றனர். விடிச் அக்கழகத்தின் இளைஞர் அணியிற் சேர்ந்தது இவற்றுக்கெல்லாம் பின்னரேயாகும். 1999இல் நேட்டோ விமானங்கள் 78 நாட்கள் சேர்பியா மீது குண்டு வீசியபோது அவருக்கு வயது 17. புகழின் எச்சத்திலே தொழில் பழகிய தலைமுறை அது.

2000-2001 பருவத்திற் சுபோத்திற்சா நகரின் ஸ்பாட்டக் கழகத்துக்குக் கடனாக அனுப்பப்பட்டு ஆடிய அவர், மீண்டும் செந்தாரகைக்கு வந்து 2002இல் நாட்டுக் கிண்ணத்தை வென்ற அணியில் இடம்பெற்றார். 2003-2004 பருவத்தில் அவரது தலைமையில் அக்கழகம் லீக் பட்டம், கிண்ணம் ஆகிய இரண்டையும் பெற்றது. 2004இல் மொஸ்கோவின் ஸ்பாட்டக் கழகத்துக்கும், அங்கிருந்து 2006 ஜனவரியில் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் யுனைற்றட் கழகத்துக்கும் சென்றார்.

மன்செஸ்ரரில் அவருக்கு வாய்த்த துணைவர் றியோ பேர்டினண்ட். நடுப் பின்களத்தில் நிற்கும் இருவரும் ஒரே தன்மையினராக இருப்பின் அக்காவல் நிலைப்பது அரிது. ஒருவர் முன்னேறி எதிரியோடு மோதும்போது மற்றவர் பின்னின்று வெளியை அடைத்தல் வேண்டும். விடிச் மோதுபவர். உயர்ந்து வரும் பந்தைத் தலையால் அடித்து விலக்குவதிலும், கோலை நோக்கி வரும் உதையின் குறுக்கே உடலைக் கிடத்துவதிலும் அவர் தயங்கியதில்லை. பேர்டினண்ட் ஆட்டத்தின் போக்கை முன்னறிந்து நிற்பவர். இருவரின் இணைப்பினாலேயே அக்காவல் வலுப்பெற்றது. 2008-2009 பருவத்தில் அவ்வணி தொடர்ந்து 14 லீக் ஆட்டங்களில் ஒரு கோலையேனும் எதிரணிக்குக் கொடுக்கவில்லை. கோல் காப்பாளர் வான் டெர் சார் 1311 நிமிடங்கள் லீக்கிற் கோல் எதுவும் வாங்காது நின்றார். எண்ணிக்கை கோல் காப்பாளரின் பெயரிலேயே பதிவாயிற்று. ஆயினும் அவரை அடையாமலே போன பந்துகள் பல என்பதை ஆட்டம் பார்த்தவர் அறிவர்.

அதே பருவத்தில் 2009 மார்ச் 14ஆம் திகதி லிவர்பூல் அணியுடனான ஆட்டம் நடைபெற்றது. நிலத்திற் பட்டு எழுந்த ஒரு பந்தை விடிச் தவறாக மதிப்பிட்டார்; டொறெஸ் அதனைப் பறித்துக் கோலாக்கினார். பின்னர் ஜெராட்டை வீழ்த்தியமைக்காக விடிச் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். சொந்தத் திடலில் 1-4 என்ற தோல்வி. அப்பருவத்தின் சிறந்த ஆட்டக்காரராகப் பிரிமியர் லீக் அவரையே தெரிந்தெடுத்தது. 2010-2011இலும் அவ்விருது அவருக்கே கிடைத்தது. இருப்பினும், அப்பருவத்து விடிச்சை நினைவுகூர்வோர் பலர் முதலிற் சொல்வது அந்த ஒரு பந்தைப் பற்றியேயாகும். பின்கள வீரரின் வெற்றி தடயமின்றி மறைவது. தோல்வியோ கோலாகப் பதிந்து விடுவது. முன்கள வீரர் ஒன்பது முறை தவறிப் பத்தாம் முறை வென்றால் நாயகராவார். பின்கள வீரருக்கு இக்கணக்கு தலைகீழானது. இத்தொழிலின் அறச்சோதனை இங்கேதான் உள்ளது.

பெயர் பெறுவதிலும் அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. மன்செஸ்ரர் ரசிகர்கள் அவரைப் போற்றிப் பாடிய பாட்டொன்று, அவர் சேர்பியர் என்பதையும் உயிர் வாங்கவும் தயங்காதவர் என்பதையும் ஒரே மூச்சில் இணைத்தது. அன்பினாற் பிறந்த வேடிக்கையே அது. ஆயினும், 1990களின் பால்கன் போர்களைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்ட மக்கள் ஒரு மனிதனின் ஆட்டத் திறனை அவன் இனத்தின் மீது சுமத்தப்பட்ட கொடுமைப் பெயரிலிருந்தே விளக்க முற்பட்டமையை அது காட்டுகிறது. விடிச்சின் வன்மை பிறப்பினால் வந்ததன்று. எங்கே நிற்பது, எப்போது எழுவது என்று பல்லாண்டு பழகியதன் பயனே அது.

தேசிய அணியில் அவர் 56 முறை ஆடினார். 2002இல் இத்தாலிக்கு எதிராக முதன்முதல் ஆடியபோது நாட்டின் பெயர் யூகோசிலாவியா. 2003இல் அது 'சேர்பியாவும் மொன்ரனீக்ரோவும்' ஆயிற்று. 2006இல் சேர்பியா மாத்திரம் எஞ்சியது. 2006ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் சுற்றிலேயே அவ்வணியின் காவல் உச்சம் பெற்றது. விடிச், கவ்றஞ்சிச், கிர்ஸ்தாயிச், திறகுத்தினோவிச் என்னும் நால்வரைக் கொண்ட பின்களம் ஸ்பெயின், பெல்ஜியம் முதலிய அணிகளை எதிர்கொண்ட 10 ஆட்டங்களில் ஒரேயொரு கோலையே விட்டுக்கொடுத்தது.

ஆனால் அவ்வணி ஜேர்மனியில் ஆடத் தொடங்குமுன்னரே நாடு இல்லாமற் போயிற்று. 2006 ஜூன் 3ஆம் திகதி மொன்ரனீக்ரோ தனி நாடாகப் பிரகடனமாயிற்று. இல்லாத நாட்டின் பெயரிலே ஓர் அணி உலகக் கிண்ணத்தில் ஆடியது. தடை காரணமாக முதலாட்டத்தில் ஆட முடியாதிருந்த விடிச், பின்னர் பயிற்சியின்போது முழங்காலிற் காயமுற்று ஓர் ஆட்டத்திலேனும் பங்குபற்றவில்லை. ஆர்ஜென்ரீனாவிடம் 0-6 என்ற தோல்வி உட்பட மூன்று ஆட்டங்களிலும் அணி தோற்றது. அவர் ஆடியிருப்பின் முடிவு வேறாகியிருக்குமெனக் கூறுதல் பொருந்தாது. காவல் என்பது நால்வரின் நம்பிக்கை. அதற்குப் பின்னால் நிற்பதற்கு ஒரு வீடும் வேண்டும்.

2010இல் ஜேர்மனியைச் சேர்பியா 1-0 என வென்ற உலகக் கிண்ண ஆட்டத்திலும், விடிச் கையாற் பந்தைத் தொட்டமையால் எதிரணிக்குத் தண்டனை உதை கிடைத்தது. கோல் காப்பாளர் ஸ்தொய்க்கோவிச் அதனைத் தடுத்தார். 2011 ஒக்டோபரிற் சுலொவேனியாவுக்கு எதிராக வென்றே ஆகவேண்டிய ஆட்டத்தில், 0-1 எனப் பின்தங்கியிருந்த வேளை, தண்டனை உதையை விடிச்சே எடுத்தார். அது தடுக்கப்பட்டது. அதன் பின்னர் அவர் தேசிய அணியிலிருந்து விலகினார். காக்கும் தொழிலில் வாழ்ந்தவர் கோலடிக்கும் பொறுப்பை ஏற்றுத் தவறியதே நாட்டுக்காக அவர் ஆடிய இறுதி ஆட்டத்தின் நினைவாயிற்று.

அவ்வாண்டு டிசம்பரிற் பாசல் நகரில் அவரது முழங்கால் இணையம் அறுந்தது; பருவத்தின் எஞ்சிய பகுதியில் அவர் ஆடவில்லை. அப்பருவத்தில் மன்செஸ்ரரின் இரு கழகங்களும் 89 புள்ளிகளுடன் சமமாக நின்றன. எட்டுக் கோல் வித்தியாசத்தினாற் பட்டம் மன்செஸ்ரர் சிற்றிக்குச் சென்றது. தடுக்கப்படும் ஒவ்வொரு கோலும் அடிக்கப்படும் ஒரு கோலுக்கு நிகரென்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பட்டியல் வேண்டுவதில்லை. 2013இல் அணித்தலைவராக அவர் ஐந்தாவது லீக் பட்டத்தைப் பெற்றார். 2014இல் இத்தாலியின் இன்டர் கழகத்துக்குச் சென்று, 2016 ஜனவரியில் 34ஆம் வயதில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

மன்செஸ்ரர் யுனைற்றட்டுக்காக 300 ஆட்டங்களில் 21 கோல்கள் என்று பதிவேடு கூறும். அவர் தடுத்தவை எத்தனை என்று அது கூறாது. தகுதிகாண் சுற்றின் 10 ஆட்டங்களில் ஒரேயொரு கோல் என்னும் குறிப்பு மட்டும், எந்த அணியும் இன்று தாங்காத ஒரு நாட்டின் பெயரின் கீழ் அப்படியே இருக்கிறது.