கேமரன் மலையில் தேடிய பூ

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய மலைச்சாலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும். புளிப்பு மிட்டாய் கைவசம் இருப்பது நல்லது. எல்லாரும் தேயிலையும் ஸ்ட்ராபெரியும் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு பூவுக்காக.

என் தாயார் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். கால் முடங்கிய பிறகு, பின்வாசலில் மங்குஸ்தான் நிழலே அவருக்கு உலகம். பழைய நாட்காட்டி ஒன்றில் ஒரு படம்: வளைந்த காம்பில் வரிசையாகத் தொங்கும் இளஞ்சிவப்பு இதயங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வெள்ளைச் சொட்டு. பெயர் பிளீடிங் ஹார்ட்.

"நிழல்ல வளருமாமே தம்பி, இங்க வருமா?"

"வரும்மா" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்கு இப்படிப் பாடம் சொன்னால் வேலைக்கு ஆகாது.

பிரிஞ்சாங் நாற்றுக் கடைத் தவுக்கே படத்தைப் பார்த்துச் சிரித்தார். அது வட சீனா, கொரியா, சைபீரியா பக்கத்துச் செடி. 1840களில் ராபர்ட் பார்ச்சூன் என்பவர் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அரை நிழலும் இலைமக்கு கலந்த ஈரமண்ணும் நம்மிடமும் உண்டு, பனிக்காலம்தான் இல்லை. கோடையில் இலை பழுத்து மடிந்து, குளிர்காலம் முழுக்க வேர் மண்ணுக்குள் உறங்க வேண்டும். கேமரன் மலையின் 15 டிகிரி இரவு அதற்குப் போதாது.

அதே ஆங்கிலப் பெயரைச் சொல்லி ஒரு கொடியைக் கொடுத்தார். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. வெள்ளைப் புல்லிக்குள்ளிருந்து சிவப்புப் பூ எட்டிப் பார்க்கும். சமவெளியிலேயே நன்றாக வளரும். இதற்கு மலை ஏறியிருக்கவே வேண்டாம்!

அதே பூதான் என்று அம்மாவிடம் சொல்லிவிடலாமா? ரிங்லெட் வரை அதே யோசனை. மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, இத நடு" என்றார்.

குழியில் மக்கிய சருகும் பழைய மாட்டெருவும் போட்டு, படரக் கம்பி கட்டினேன். ஆறு மாதம் வெறும் இலை. தவறு என்னுடையது, அடர்ந்த நிழலில் நட்டுவிட்டேன். காலை வெயில் படும் ஓரத்துக்கு மாற்றியதும் மொட்டு விட்டது. தண்ணீர் தேங்கக் கூடாது. புதுக்கிளையில்தான் பூக்கும் என்பதால், பூத்து ஓய்ந்ததும் கத்தரித்து விடுங்கள்.

அம்மாவின் நாற்காலியையும் அந்த ஓரத்துக்கே நகர்த்தினோம். சிவப்பு உதிர்ந்த பின்னும் வெள்ளைப் புல்லிகள் வாரக்கணக்கில் நின்று, மெல்ல இளஞ்சிவப்பாக மாறுகின்றன.

"படத்து நெறம் இப்பத்தான் வருது" என்கிறார் அம்மா.