பாயும் பனியும்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

தஞ்சைத் தரணியில் குளிர் ஏது என்று நகைக்கும் நண்பர்கள், தை மாதத்துப் பின்னிரவில் நெற்குவியலின் அருகே படுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். உதகையைப் போல் இங்கே உறைபனி விழுவதில்லை என்பது மெய்யே. ஆனால் வெட்டவெளித் தரை நம் உடம்பைவிடக் குளிர்ந்திருக்கும் வரை, முதுகிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

நமது பட்டுக்கோட்டைப் பகுதி கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் அறுவடையும் பனிக்காலத்தில்தான் வந்து விழுகிறது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டிவிட்டு, முறை வரும்வரை காவல் கிடக்க வேண்டும். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது பொது விதி. சில ஆண்டுகளில் மத்திய அரசு தளர்த்துவதும் உண்டு. பனியில் நனைந்த நெல்லை மறுநாள் மீண்டும் காயவைக்க வேண்டும். ஆதலால் வீட்டிலுள்ள ஒரே தார்ப்பாய் நெல்லுக்கு, கோரைப்பாய் மனிதனுக்கு!

சென்ற தையில் அப்பாவோடு நான்கு இரவுகள் அங்கே படுத்தேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அவர் படுக்கை போட்ட விதத்தை வியந்து பார்த்தேன். போர்வையை எடுத்த என்னிடம், “மேல போத்துறது அப்பறம் தம்பி, மொதல்ல கீழ போடு” என்றார். முழங்கை உயரத்துக்கு வைக்கோல், சுணை அரிக்காமலிருக்க அதன்மேல் வெறுஞ்சாக்கு, அதற்கும் மேல் பாய். இன்னொரு சாக்கில் கால்களை நுழைத்துக்கொண்டு, துண்டால் காதோடு தலையைக் கட்டிக்கொண்டார்.

நமது ஆய்வகத்தில் லீ வட்டைக் கொண்டு அட்டையின் வெப்பங்கடத்துதிறனைக் கண்டோமே, இங்கே நடப்பதும் அந்தக் கணக்குத்தான். அசைவற்ற காற்றைவிடச் சிமெண்டுத் தளம் ஏறத்தாழ நாற்பது மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மெத்தென்ற போர்வையை அடியில் விரித்தால் நம் எடையால் நசுங்கி, உள்ளிருக்கும் காற்றை இழந்துவிடும். வைக்கோல் தாள் உள்ளே கூடானது. அமுங்கினாலும் சிறிது காற்றை விடாமல் வைத்திருக்கும். எனவேதான் முழங்கை உயரம். விடிவதற்குள் அது நான்கு விரற்கடை ஆகிவிடுகிறது.

முன்பெல்லாம் எந்தப் போரிலும் ஓர் அணைப்பு வைக்கோல் உருவிக்கொள்ளலாமாம். இப்போது இயந்திரம் அறுத்துப்போடும் துண்டு வைக்கோலை இன்னோர் இயந்திரம் உருளையாகக் கட்டிவிடுகிறது. உருளைக்கு விலை உண்டு. நாங்கள் வீட்டு மாட்டுக்கு வைத்திருந்ததிலிருந்து கொண்டுபோனோம்.

தெளிந்த வானமுள்ள இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. பனியும் அன்றுதான் அதிகம். முகில் மூடினால் அது வெப்பத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். நான்காம் இரவு முகில் மூடியது. குளிரே தெரியவில்லை, நான் நன்றாக உறங்கினேன். இடையில் விழித்தபோதெல்லாம் அப்பா பாயில் உட்கார்ந்து, மழை வருமோ என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை வரவில்லை. மறுநாள் நண்பகலில் எடை போட்டார்கள்.