பேத்திக்கு ஒரு மைக்ரோமீட்டர்

விளையாட்டுச் சாமானாக விற்கும் பிளாஸ்டிக் காலிபரைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரவே கூடாது என்பது என் கட்சி. அழுத்தினால் அதன் தாடை வளைகிறது. விரலின் வேகத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் காட்டுகிறது. அளவு என்றால் இப்படித்தான் முன்னே பின்னே இருக்கும் போலிருக்கிறது என்று ஒன்பது வயதில் மனதில் விழுந்துவிட்டால், பிற்பாடு அதை எடுப்பது கஷ்டம்.

கோவையில் கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்துப் பிழைத்தவன் நான். மோட்டார் ஷாஃப்ட், பம்ப் புஷ், கப்ளிங் என்று கடைந்தே காலம் போயிருக்கிறது. மகள் வழிப் பேத்தி பட்டறைக்கு வந்து, “நானும் அளக்கறனுங் அப்புச்சி” என்று கேட்க ஆரம்பித்ததும், கொடுத்தால் நிஜக் கருவியைத்தான் கொடுப்பது என்று முடிவு செய்தேன். எதை முதலில் தருவது, எதைப் பிறகு தருவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. என்ன பேர் சொல்லித் தருவது என்பதில்தான் பட்டறையே இரண்டு பட்டது.

முதலில் 150 மி.மீ. ஸ்டீல் ஸ்கேல். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோடு அச்சடித்ததாக இல்லாமல் செதுக்கியதாக இருக்கவேண்டும், முனை தேயாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். இரண்டாவதாகக் கொடுத்தது அவுட்சைடு காலிபர். வில் போல வளைந்த இரண்டு கால், மேலே ஒரு ஸ்பிரிங், நடுவே ஒரு திருகு. இதில் எண்ணே கிடையாது. இப்போதெல்லாம் பல பட்டறைகளில் இது டிராயரின் அடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆனால் பிள்ளையின் கைக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. 12 மி.மீ. கம்பி ஒன்றைக் கொடுத்து, காலிபரைத் திருகி அதன்மேல் விடச் சொன்னேன். இறுக்கமாக இருந்தால் கால்கள் விரிந்து சத்தமில்லாமல் பொய் சொல்லும். தளர்வாக இருந்தால் கம்பி உள்ளே ஆடும். காலிபர் தன் எடையிலேயே கம்பியைத் தொட்டுக்கொண்டு வழுக்கி இறங்கவேண்டும். அந்தத் தொடுகையைத்தான் பட்டறையில் ‘ஃபீல்’ என்கிறோம். அது கைக்கு வந்த பிறகு காலிபரை ஸ்கேலில் வைத்துப் படிக்கலாம். பின்னாளில் அவள் எந்த விலை உயர்ந்த கருவியைப் பிடித்தாலும், வேலை செய்யப்போவது இந்த விரல்கள்தான்.

மூன்றாவது மூலை மட்டம். இதைக் கொடுக்கும்போதே, இது சரியாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டேன். “இதவிட நல்ல மூலை மட்டம் வாங்கி வெச்சுப் பாக்கோணும்” என்றாள். அந்த நல்லதை எதை வைத்துப் பார்ப்பது? தகட்டின் நேரான ஓரத்தில் மட்டத்தின் கட்டையை ஒட்டி, ஊசியால் ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். பிறகு மட்டத்தை அப்படியே புரட்டி, அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் 90 டிகிரி. விரிந்து பிரிந்தால், பிரிந்த கோணத்தில் பாதிதான் மட்டத்தின் பிழை. கொத்தனார் ரசமட்டத்தைத் திருப்பிப் போட்டுக் குமிழியைப் பார்ப்பதும் இதே வித்தைதான். ஒரு கருவி தன்னைத் தானே சோதித்துக்கொள்ள முடியும் என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளை பட்டறையில் இருந்த எல்லா மூலை மட்டத்தையும் புரட்டிப் புரட்டிக் கோடு போட்டுவிட்டாள். எனக்கு அன்றைக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சம் அல்ல.

வாக்குவாதம் வெர்னியரில் ஆரம்பித்தது. மாலையில் டீ குடிக்க வரும் நண்பர் ஒருவர் ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொல் விஷயத்தில் கறார். எங்கள் மூத்த டர்னர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், கைவேலையில் அவருக்கு ஈடு கிடையாது. டர்னர் பேத்தியிடம், “கண்ணு, அந்த டிஜிட்டல் வெர்னியரை எடு” என்றார். இன்ஸ்ட்ரக்டர் உடனே, “டிஜிட்டல்ல வெர்னியர் எங்கீங்க இருக்குது? அது காலிபர். சின்னப் புள்ளைக்குத் தப்பாச் சொல்லித் தராதீங்க” என்றார். “ஏனுங் சார், வெர்னியர்னு கேட்டா கோயமுத்தூர்ல எந்தக் கடையிலயும் எடுத்துக் குடுப்பான். அப்பறம் என்னங்?” என்று டர்னர் திருப்பிக் கேட்டார். ஸ்கேலா ரூலா என்பதில் தொடங்கி, டிவைடர், காம்பஸ் வரை அன்றைக்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

வரலாறு இன்ஸ்ட்ரக்டர் பக்கம் இருக்கிறது. பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1631இல் பிரஸ்ஸல்ஸில் வெளியிட்ட புத்தகத்தில் விளக்கியது, கோணம் அளக்கும் கருவிக்கான ஒரு துணை அளவுகோலை. சறுக்கும் தாடை வைத்த காலிபரோ அதற்கு மிகவும் மூத்தது. சீனாவில் கி.பி. 9ஆம் ஆண்டைச் சேர்ந்த வெண்கலக் காலிபர் கிடைத்திருக்கிறது. ஆனால் தொழிலில் பேர் இப்படித்தான் நகர்கிறது என்று டர்னர் பக்கமும் சொல்ல இடம் உண்டு. ஜெர்மானியர்கள் இதே துணை அளவுகோலை, அதற்கும் முந்திய பெட்ரோ நூனெஸ் என்ற போர்ச்சுகீசியரின் பேரால் நோனியஸ் என்கிறார்கள். பாரிஸில் 1848இல் திருகு காலிபருக்குக் காப்புரிமை வாங்கியவர் ழான் லோரான் பால்மர். பிரெஞ்சுப் பட்டறைகளில் மைக்ரோமீட்டருக்குப் பேரே பால்மர்தான். ஆளின் பேர் கருவியின் பேராவதில் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆனாலும் இந்த இடத்தில் நான் இன்ஸ்ட்ரக்டரோடுதான் நின்றேன். கற்றுக்கொள்ளும் பிள்ளை, ‘இந்தக் கருவி எண்ணை எங்கிருந்து எடுக்கிறது’ என்று கேட்டாகவேண்டும். வெர்னியரில் மெயின் ஸ்கேலின் 49 மி.மீ. நீளத்தை நகரும் ஸ்கேலில் 50 பாகமாகப் பிரித்திருக்கிறது. ஒரு பாகம் 0.98 மி.மீ.; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.02. எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்று கண்தான் தீர்ப்புச் சொல்கிறது. டயல் காலிபரில் பல்சக்கரம் முள்ளைச் சுற்றுகிறது. டிஜிட்டலில் உள்ளே மின் உணரி இருக்கிறது, கண்ணுக்கு வேலை இல்லை. அதன் திரை 0.01 வரை காட்டும், ஆனால் அப்படிப்பட்ட சாதாரணக் கருவி 0.02 தள்ளி நிற்கவும் அனுமதி உண்டு. மூன்றையும் வெர்னியர் என்று ஒரே பேரில் கூப்பிட்டால் இந்தக் கேள்வியே எழாது. அதனால் பேத்திக்கு இப்படிச் சொன்னேன்: குடும்பப் பேர் காலிபர், அதில் வெர்னியர், டயல், டிஜிட்டல் என்று மூன்று. யாராவது மிஷினில் நின்றுகொண்டு ‘வெர்னியர்’ என்று கை நீட்டினால், எது பக்கத்தில் இருக்கிறதோ அதை எடுத்துக் கொடு, அந்த நேரத்தில் திருத்தாதே.

வெர்னியர் எப்படி வேலை செய்கிறது என்பதை அவள் காகிதத்தில் செய்து பார்த்தாள். ஒரு பட்டையில் ஒவ்வொரு செ.மீ.க்கும் கோடு. இன்னொரு பட்டையில் 9 செ.மீ. நீளத்தைப் பத்துச் சமபாகமாகப் பிரித்துக் கோடு. இரண்டையும் ஒட்டி வைத்துச் சறுக்கினால், மில்லிமீட்டர் கோடே போடாத காகிதத்தில் மில்லிமீட்டர் படிக்கலாம். இதைச் செய்யாமல் வெர்னியரைக் கையில் எடுக்கிறவர்கள் ஐ.டி.ஐ. முடித்தவர்களிலும் இருக்கிறார்கள், எனக்கு அது வருத்தம்தான். பிறகு நாணயங்கள். பத்து ரூபாய் 27 மி.மீ., இப்போதைய ஐந்து ரூபாய் 25 மி.மீ. முதலில் கண்ணால் பார்த்து உத்தேசம் எழுதுவாள், அப்புறம் அளப்பாள். தேய்ந்த காசு குறைத்துக் காட்டும்போது, காசு தேய்ந்ததா, கை நழுவியதா என்று அவளே மறுபடி அளந்து பார்க்கிறாள்.

அடுத்த சண்டையில் டர்னர் ஜெயித்தார். மைக்ரோமீட்டர், 0–25 அளவு, பிள்ளையின் கைக்கு அடங்கும். திருகின் புரி அரை மி.மீ., திம்பிளில் 50 கோடு, ஒரு கோடு 0.01. அதை விளக்கும்போது டர்னர், “பத்து மைக்ரான்” என்றார். மைக்ரான் என்ற பேர் உலக அளவில் 1967லேயே நீக்கப்பட்டது, மைக்ரோமீட்டர் என்றுதான் சொல்லவேண்டும் என்றார் இன்ஸ்ட்ரக்டர். அது உண்மையும்கூட. ஆனால் தமிழில் கருவிக்கும் அலகுக்கும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. ‘மைக்ரோமீட்டரில் பத்து மைக்ரோமீட்டர்’ என்று மிஷின் சத்தத்துக்கு நடுவே சொன்னால் யாருக்கு என்ன புரியும்? நீக்கப்பட்ட சொல்தான் இங்கே வேலையைத் தெளிவாகச் செய்கிறது, அதனால் எங்கள் பட்டறையில் மைக்ரான் இருக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதே கருவி அவளுக்குத் திருகு அளவி என்ற பேரில் வரும். நல்ல பேர். அளப்பது திருகுதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறது. அதில் வரும் சுழிப்பிழை (ஜீரோ எர்ரர்), மீச்சிற்றளவு (லீஸ்ட் கவுண்ட்) என்ற சொற்களையும் நாங்கள் இப்போதே புழங்க ஆரம்பித்துவிட்டோம்.

இரண்டு மூன்று சொற்களில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மைக்ரோமீட்டரை மூடி, பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதைப் பலர் ‘கேலிபரேஷன் பண்ணிட்டேன்’ என்கிறார்கள். அது ஜீரோ பார்ப்பது. கேலிபரேஷன் என்றால், உண்மை அளவு தெரிந்த ஒன்றோடு பல இடங்களில் ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு தள்ளுகிறது என்று எழுதுவது. பூஜ்யம் சரியாக இருந்து, தேய்ந்த திருகினால் 20 மி.மீ. பக்கம் தவறாகக் காட்டும் கருவி எத்தனையோ உண்டு. டாலரன்ஸையும் அலவன்ஸையும் குழப்புவது இன்னும் மோசம், அதில் காசு போகும். 25 மி.மீ. துளைக்கு எச்7 என்றால் 25.000 முதல் 25.021 வரை போகலாம். அந்த 21 மைக்ரான் டாலரன்ஸ், கைக்குக் கொடுத்த சலுகை. அதில் ஓடும் ஷாஃப்ட் ஜி6 என்றால் அதிகபட்சம் 24.993. மிகச் சின்னத் துளைக்கும் மிகப் பெரிய ஷாஃப்டுக்கும் நடுவே வேண்டுமென்றே விட்ட 7 மைக்ரான் அலவன்ஸ், எண்ணெய்க்கு விட்ட இடம். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் ஷாஃப்ட் சிக்கும், அல்லது தடதடக்கும். துல்லியம் என்ற சொல்லும் அப்படித்தான். 0.03 ஜீரோ எர்ரர் உள்ள மைக்ரோமீட்டர் ஒரே ஷாஃப்டைப் பத்துத் தடவை அளந்தாலும் பத்துத் தடவையும் ஒரே எண் காட்டும். அது நுட்பம். உண்மைக்குப் பக்கத்தில் நிற்பதுதான் துல்லியம். பேத்தி இதைச் சொல்லில் கற்கவில்லை. ஜீரோ தள்ளி வைத்த மைக்ரோமீட்டரை அவளிடம் கொடுத்தேன், அவளே கண்டுபிடித்து, “இது மாறாமப் பொய் சொல்லுதுங் அப்புச்சி” என்றாள்.

ஹென்றி மாட்ஸ்லி 1800ஐ ஒட்டி லண்டனில் தன் பட்டறைக்கென்று ஒரு பெரிய மேஜை மைக்ரோமீட்டர் செய்து வைத்திருந்தார். அளவில் தகராறு வந்தால் கடைசித் தீர்ப்பு அதனுடையது. அதற்கு அவர் வைத்த பேர் லார்ட் சான்சலர், அன்றைக்கு அந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிப் பதவியின் பேர். எங்கள் பட்டறைத் தகராறுகளும் பெரும்பாலும் அப்படித்தான் தீர்கின்றன. இரண்டு பேரும் சொன்ன பேரில் எது வேலையைக் கெடுக்காமல் வைக்கிறது என்று பீஸை எடுத்து அளந்து பார்ப்போம்.

பழக்கங்களையும் பேரோடு சேர்த்தே கொடுத்தேன். அளப்பதற்கு முன் ஆன்வில், ஸ்பிண்டில் இரண்டுக்கும் நடுவே சுத்தமான காகிதத்தைப் பிடித்து இழுத்துத் துடைப்பது. திம்பிளை முறுக்காமல் ராட்செட்டை மட்டும் சுற்றுவது. பெட்டியில் வைக்கும்போது இரண்டு முகமும் தொடாமல் கொஞ்சம் இடம் விடுவது. லேத்தில் இருந்து இறக்கிய சூட்டில் அளக்காமல் இருப்பது. அளவுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. நம் ஊரில் கருவியும் பீஸும் ஒன்றாக 30 டிகிரியில் இருந்தால் இரண்டு எஃகும் சேர்ந்தே நீளும், பெரிய தொந்தரவு இல்லை. கடைந்த சூட்டில் பீஸ் மட்டும் 60 டிகிரியில் இருந்தால், 50 மி.மீ. விட்டம் 17 மைக்ரான் பெருத்துக் காட்டும். ஆறிய பிறகு சிறுத்துப் போகும். அவள் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் கருவி, அதன் மீச்சிற்றளவு என்ன, பீஸ் சூடா ஆறியதா என்று மூன்றும் எழுதியாகவேண்டும்.

அடுத்தது டயல் இண்டிகேட்டர். இன்ஸ்ட்ரக்டர் முழுப் பேரையும் சொல்வார், டர்னருக்கு அது வெறும் டயல். முள் எத்தனை மைக்ரான் நகர்ந்தது என்று அது சொல்லும், பீஸின் அளவு எவ்வளவு என்று சொல்லாது. அளவு தெரியவேண்டுமானால் ஸ்லிப் கேஜ் என்ற அளவுக் கட்டைகளை அடுக்கி அதோடு ஒப்பிடவேண்டும். ஸ்லிப் கேஜுக்கு இன்னும் வயது ஆகட்டும், வியர்வைக் கை பட்டாலே துரு ஏறும். இப்போதைக்கு லேத்தின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டயலை மேக்னெட் ஸ்டாண்டில் மாட்டி, சக்கை நான் கையால் மெல்லச் சுற்றுகிறேன். ஷாஃப்ட் எத்தனை மைக்ரான் அவுட் என்று அவள் முள்ளைப் பார்த்துச் சொல்கிறாள்.