ஐந்து கட்டையில் ஓர் உறுமல்

கொல்கத்தா பவானிபூரில் ஹரீஷ் முகர்ஜி ரோட்டை ஒட்டிய ஒரு சந்து, பழைய மாடி வீடு. மாமி பாட்டு சொல்லித்தருபவர். லேப்டாப்பில் மைக் மாட்டிப் பதிந்து அனுப்பிய பாடத்தில் அடியில் ஏதோ உறுமுகிறது என்று ஊரிலிருந்து பேத்தி புகார் செய்திருந்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றார் மாமி.

ஹெட்ஃபோனை மாட்டினேன். அவருக்குக் கேட்காததில் வியப்பில்லை. மாமிக்கு ஐந்து கட்டை; அவருடைய ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் உறுமல் தனியாக வராது, 100, 150, 200 என்று மடங்குகளையும் கூட்டிக்கொண்டு வரும். 200 மாமியின் ஸாவுக்கு அடுத்த வீடு. இரண்டும் உரசி, வினாடிக்கு நான்கு தடவை ஒலி மெல்லக் கூடிக் குறைந்தது. தம்பூராவின் கார்வை என்று காது அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஃபில்டர் போட்டு வெட்டலாமே என்பார்கள். 200ஐ வெட்டப் போனால் மாமியின் ஸாவும் மெலிந்துபோகும். வேரில்தான் கை வைக்க வேண்டும்.

கீழ்வீட்டுக்காரர் மெட்ரோமேல் பழி போட்டார். 1984 அக்டோபர் 24 அன்று நாட்டின் முதல் மெட்ரோ எஸ்பிளனேடிலிருந்து இந்த பவானிபூருக்குத்தான் ஓடியது; அன்றைய பவானிபூர் ஸ்டேஷன்தான் இன்றைய நேதாஜி பவன். ஆனால் அதன் மூன்றாம் தண்டவாளத்தில் ஓடுவது 750 வோல்ட் டிசி. ரயில் வரும், போகும். இந்த உறுமலோ அசையாமல் உட்கார்ந்திருந்தது.

சார்ஜரைப் பிடுங்கினேன். முக்கால்வாசி போய்விட்டது. மறுபடி செருகி, லேப்டாப்பின் உலோக மூடியில் உள்ளங்கையை வைத்தேன். உறுமல் தணிந்தது, விரலில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு சுருக். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிந்தது. மூன்று பின் சார்ஜரை இரண்டு பின்னாக்கும் கன்வர்ட்டர் ஒன்று சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சார்ஜருக்குள் இரைச்சலை எர்த்துக்கு அனுப்பும் சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லையென்றால் அவை லேப்டாப்பின் உடம்பையே பாதி மின்னழுத்தத்தில் மிதக்கவிடும். மைக் ஒயரின் ஷீல்டு அந்த உடம்போடுதான் சேர்ந்திருக்கிறது. (உறுமல் போக எர்த் பின்னையே உடைத்துவிடு என்று சொல்பவர்களும் உண்டு. உயிரோடு விளையாட்டு, செய்யாதீர்கள்.)

மீதி கால்வாசி வேறு ஜாதி. 'உம்' இல்லை, 'ஜிர்ர்'. நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறி. ரெகுலேட்டரைத் திருகத் திருக ஜிர்ர் குரல் மாற்றியது. ஒவ்வோர் அலையையும் பாதியில் நறுக்கி வேகத்தைக் குறைக்கும் பழைய ரகம். நிறுத்தச் சொன்னேன். வைசாக மாதப் புழுக்கத்தில் மாமி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்தார். மீட்டர் பக்கம் நின்றுபோயிருந்த எர்த் கம்பியை அந்த அறைக்கு இழுத்து மூன்று பின் சாக்கெட் போட்டார். ரெகுலேட்டரையும் கெப்பாசிட்டர் ரகமாக மாற்றினார். நான் செய்ததெல்லாம் மைக் ஒயரைச் சார்ஜர் ஒயரிலிருந்து இரண்டு முழம் தள்ளி வைத்ததுதான்.

விசிறி சுழல, மாமி பாடிப் பதிந்து, ஹெட்ஃபோனில் கேட்டார். நெற்றி சுருங்கியது.

"ஏம்ப்பா, தம்பூரா ஏன் இவ்ளோ சன்னமா இருக்கு?"